இரண்டு எடை, மூன்று ஸ்பிரிங்: பின்னிக்கிடக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பிரிப்பது எப்படி?

தனிச்சீரிசை இயக்கத்தின் (ஸ்பிரிங்கில் கட்டிய ஒற்றை எடை முன்னும் பின்னும் சீராக ஆடும் ஆட்டம்) சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தீர்த்துவிடுகிற மாணவர்கள்கூட, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்தால் கையைப் பிசைகிறார்கள். அதில் தப்பும் இல்லை. முதல் சமன்பாட்டைத் தீர்க்கலாம் என்று போனால் அதற்குள் இரண்டாவது மாறி உட்கார்ந்திருக்கிறது. சரி, இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம் என்று போனால் அது முதலாவதைக் கேட்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நேராக அணி, அணிக்கோவை, ஐகன் மதிப்பு என்று இறங்கிவிடும். விடை வந்துவிடும், ஆனால் என்ன நடந்தது என்று பிடிபடாது. அதனால் இங்கே முதலில் ஒரே ஒரு அமைப்பை எண்களோடு எடுத்துக்கொண்டு முழுசாகப் பிரித்துப் பார்ப்போம். அணி தேவைப்படும்போது தானாக வரும்.

உராய்வே இல்லாத வழுவழுப்பான மேசை. இடது ஓரத்தில் ஒரு சுவர், அதிலிருந்து ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் 1 கிலோ எடை, அதற்கப்புறம் நடு ஸ்பிரிங், அப்புறம் இன்னொரு 1 கிலோ எடை, கடைசியாக ஒரு ஸ்பிரிங், அது வலது சுவரில் முடிகிறது. சுவரோடு இணைந்த இரண்டு ஸ்பிரிங்குகளின் விசை மாறிலி 4 நியூட்டன்/மீட்டர், நடு ஸ்பிரிங்குக்கு 6. இடது எடை தன் ஓய்வு நிலையிலிருந்து வலப்பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அ என்றும், வலது எடை அதே திசையில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை இ என்றும் வைத்துக்கொள்வோம். எழுத்தின் மேல் இரண்டு கோடு போட்டால் (அ″) அது நேரத்தைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழு, அதாவது முடுக்கம்.

நியூட்டனின் இரண்டாம் விதியை ஒவ்வொரு எடைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடம் நடு ஸ்பிரிங் மட்டும்தான். அது எவ்வளவு நீண்டிருக்கிறது? இ அளவும் இல்லை, அ அளவும் இல்லை; இ − அ. இரண்டு எடையும் சேர்ந்து 1 செ.மீ. வலப்பக்கம் நகர்ந்தால் நடு ஸ்பிரிங்குக்கு எதுவுமே ஆகவில்லை, அதன் நீளம் பழைய நீளம்தான். இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் இதுவே விடையில் பாதியைத் தரப்போகிறது.

அ″ = −4அ + 6(இ − அ)
இ″ = −4இ − 6(இ − அ)

சுருக்கினால்:

அ″ = −10அ + 6இ
இ″ = 6அ − 10இ

−10 எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் பாருங்கள். வலது எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு இடது எடையை மட்டும் நகர்த்தினால் இடது ஸ்பிரிங் 4 பங்கு இழுக்கிறது, நடு ஸ்பிரிங் 6 பங்கு தள்ளுகிறது, மொத்தம் 10. மற்ற 6 என்பது இணைப்பு: பக்கத்து எடை நகர்ந்ததால் எனக்கு வரும் விசை. அந்த 6 மட்டும் இல்லாமல் இருந்தால் இரண்டும் தனித்தனிச் சமன்பாடுகள், நமக்கு வேலையே இல்லை.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள்.

(அ + இ)″ = −4அ − 4இ = −4(அ + இ)

அப்புறம் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள்.

(அ − இ)″ = −16அ + 16இ = −16(அ − இ)

அவ்வளவுதான், பின்னல் அவிழ்ந்துவிட்டது. அ + இ என்பதை கூ என்றும் அ − இ என்பதை வே என்றும் எழுதினால் கூ″ = −4கூ, வே″ = −16வே. இரண்டுமே சாதாரண தனிச்சீரிசை இயக்கம், ஒன்றில் மற்றொன்றின் வாடைகூட இல்லை. இப்படிப்பட்ட சமன்பாட்டில் அந்த எண்ணின் வர்க்கமூலம்தான் கோண அதிர்வெண், பையின் இரு மடங்கை அதால் வகுத்தால் அலைவு நேரம். முதலாவதன் கோண அதிர்வெண் 2, அலைவு நேரம் 3.14 வினாடி. இரண்டாவதன் கோண அதிர்வெண் 4, அலைவு நேரம் 1.57 வினாடி.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: சிக்கல் எடைகளிலும் ஸ்பிரிங்குகளிலும் இல்லை, நாம் தேர்ந்தெடுத்த மாறிகளில் இருந்தது. ‘இடது எடை எங்கே, வலது எடை எங்கே’ என்று கேட்டோம், கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால். ‘இரண்டும் சேர்ந்து எவ்வளவு நகர்ந்தன, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகின’ என்று கேட்டிருந்தால் சமன்பாடுகள் முதலிலிருந்தே தனித்தனியாக வந்திருக்கும். இனி இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு முறையும், அணியானாலும் வேறு எதுவானாலும், தனியாக நிற்கும் அந்தச் சேர்மானங்களைத் தேடும் வேலைதான்.

இந்த 4, 16 என்ற எண்களைக் கணக்கே போடாமல் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இரண்டு எடையும் ஒரே திசையில், ஒரே அளவு, ஒன்றாக ஆடினால் நடு ஸ்பிரிங் நீளவும் இல்லை சுருங்கவும் இல்லை, அது இல்லாத மாதிரிதான். அப்படியானால் ஒவ்வொரு எடையும் தன் சுவர் ஸ்பிரிங்கோடு மட்டும் ஆடுகிறது: 4. அடுத்து, இரண்டும் எதிரெதிராக, ஒன்று வலப்பக்கம் போகும்போது மற்றது அதே அளவு இடப்பக்கம் போகிறது என்று வையுங்கள். நடு ஸ்பிரிங்கின் மையப்புள்ளி நகரவே நகராது, அந்த இடத்தில் ஆணி அடித்துவிட்டாலும் எதுவும் மாறாது. அப்படியானால் ஒவ்வொரு எடைக்கும் ஒரு பக்கம் சுவர் ஸ்பிரிங், மறுபக்கம் பாதி ஸ்பிரிங். ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் விசை மாறிலி இரட்டிப்பாகும், 6 என்பது 12 ஆகிறது. 4 + 12 = 16.

இப்படி எல்லாப் பகுதிகளும் ஒரே அதிர்வெண்ணில், தங்களுக்குள் மாறாத விகிதத்தில் ஆடும் ஆட்டத்தை நார்மல் மோட் என்கிறார்கள். இரண்டு எடை என்றால் இரண்டு மோட், நூறு எடை என்றால் நூறு. உராய்வில்லாத இந்த அமைப்பை எப்படித் தட்டிவிட்டாலும் அது ஆடுவது இந்த மோட்களின் கூட்டுத்தொகையாகத்தான் இருக்கும். அதிரும் கம்பிக்கு இந்தக் கருத்தை 1753இல் கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி சொன்னபோது, அந்தக் காலத்தின் கணித மேதை ஆய்லரே அதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே முதல் வாசிப்பில் நம்பக் கஷ்டமாக இருந்தால் பரவாயில்லை.

நம்புவதற்கு நல்ல வழி ஒரு தொடக்க நிலையைப் போட்டுப் பார்ப்பது. இடது எடையை 1 செ.மீ. வலப்பக்கம் இழுத்து, வலது எடையை அதன் இடத்திலேயே பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விடுகிறோம். அ = 1, இ = 0, இரண்டின் வேகமும் 0. அப்படியானால் தொடக்கத்தில் கூ = 1, வே = 1. நேரத்தை நே என்று எழுதினால்:

கூ = கோசைன்(2நே)
வே = கோசைன்(4நே)

திரும்ப அ, இ என்று மாற்றுவது சுலபம், கூட்டிப் பாதி, கழித்துப் பாதி:

அ = ½[கோசைன்(2நே) + கோசைன்(4நே)]
இ = ½[கோசைன்(2நே) − கோசைன்(4நே)]

இந்தக் கடைசி அடியை மறந்துவிட்டு கூ, வே இரண்டையும் விடையாக எழுதிவிட்டு எழுந்துபோகிறவர்கள் நிறைய. கேள்வி கேட்டது எடைகளைப் பற்றி, ஆகவே எடைகளுக்குத் திரும்பி வர வேண்டும்.

சில நேரங்களைப் போட்டுப் பார்ப்போம். 0.785 வினாடியில் (பையின் கால் பங்கு) அ = −0.5, இ = +0.5, அதாவது இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் அரை செ.மீ. தள்ளி நிற்கின்றன. 1.57 வினாடியில் அ = 0, இ = −1. இந்த இரண்டாவது கணத்தில் வேகங்களையும் கணக்கிட்டால் இரண்டுமே 0 என்று வரும். இடது எடை தன் ஓய்வு நிலையில், அசைவே இல்லாமல். நாம் கொடுத்த ஆற்றல் முழுவதும் 1 செ.மீ. இடப்பக்கம் தள்ளி நிற்கும் வலது எடையோடும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்குகளோடும் போய்விட்டது. 3.14 வினாடியில் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். இது இவ்வளவு ஒழுங்காகத் திரும்புவதற்குக் காரணம் 4 என்பது 2இன் சரியான மடங்காக இருப்பது. இரண்டு அதிர்வெண்களின் விகிதம் √2 மாதிரி ஒரு விகிதமுறா எண்ணாக இருந்திருந்தால் அமைப்பு தொடக்க நிலைக்குத் துல்லியமாக ஒருபோதும் திரும்பாது.

நடு ஸ்பிரிங்கை மிகவும் தளர்வானதாக மாற்றினால் இந்த ஆற்றல் பரிமாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 6க்குப் பதிலாக 0.205 என்று வையுங்கள். கூட்டல் மோட் அதே 4தான். கழித்தல் மோட் 4 + 0.41 = 4.41, அதன் வர்க்கமூலம் 2.1. ஆக அதிர்வெண்கள் 2, 2.1. கோசைன்களைக் கூட்டும் சூத்திரத்தைப் போட்டால்

அ = கோசைன்(0.05நே) × கோசைன்(2.05நே)
இ = சைன்(0.05நே) × சைன்(2.05நே)

வேகமாக ஆடும் 2.05இன் வீச்சை, மெதுவாக மாறும் 0.05 ஏற்றி இறக்குகிறது. இடது எடையின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து சுமார் 31 வினாடியில் அடங்கிவிடும், அதே நேரத்தில் வலது எடை முழு வீச்சில் ஆடிக்கொண்டிருக்கும், அப்புறம் எல்லாம் தலைகீழாக நடக்கும். ஒலியியலில் விம்மல்கள் என்று படித்தோமே, அதே கணக்கு. வீட்டில் செய்து பார்க்க ஸ்பிரிங் தேவையில்லை: இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு நூலைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டி, அதிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு நூல்களில் ஒரே மாதிரி நட்டுகளைத் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் நாற்காலிகளை இணைக்கும் கோட்டுக்குக் குறுக்காக ஆட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அது நின்று மற்றது ஆடும். நீளம் இரண்டும் சமமாக இருப்பது முக்கியம், வித்தியாசம் இருந்தால் பரிமாற்றம் பாதியிலேயே திரும்பிவிடும்.

சரி, இதுவரை கூட்டியும் கழித்தும் தப்பித்தோம், ஏனென்றால் அமைப்பு சமச்சீராக இருந்தது. அப்படி இல்லாவிட்டால்? மேலே கூரையிலிருந்து 3 நியூட்டன்/மீட்டர் ஸ்பிரிங், அதில் 1 கிலோ, அதன் கீழே 2 நியூட்டன்/மீட்டர் ஸ்பிரிங், அதில் இன்னொரு 1 கிலோ. ஓய்வு நிலையிலிருந்து அளந்தால் புவியீர்ப்பு சமன்பாட்டில் வராது. மேல் எடை அ, கீழ் எடை இ.

அ″ = −5அ + 2இ
இ″ = 2அ − 2இ

கூட்டிப் பாருங்கள், −3அ என்று வரும், உதவாது. எந்தச் சேர்மானம் உதவும் என்று ஊகிப்பதற்குப் பதிலாக, மோட் என்றால் என்ன என்ற வரையறையையே பிடித்துக்கொள்வோம்: எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் ஆட வேண்டும். அதாவது அ″ = −ல அ, இ″ = −ல இ, இரண்டுக்கும் அதே ல (இது கோண அதிர்வெண்ணின் வர்க்கம்). போட்டால்:

(5 − ல)அ = 2இ
2அ = (2 − ல)இ

முதல் வரி இ/அ என்ற விகிதம் (5 − ல)/2 என்கிறது. இரண்டாவது வரி அதே விகிதம் 2/(2 − ல) என்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பூச்சியம் என்ற பயனற்ற விடைதான் மிஞ்சும்.

(5 − ல)(2 − ல) = 4
ல² − 7ல + 6 = 0
ல = 1 அல்லது 6

அணிக்கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்து என்று சொல்லித்தருகிறார்களே, அது இந்த ‘இரண்டு விகிதமும் ஒத்துப்போக வேண்டும்’ என்பதுதான். அந்த ல மதிப்புகள்தான் ஐகன் மதிப்புகள், விகிதங்கள் ஐகன் வெக்டர்கள். ல = 1 என்றால் இ = 2அ, கீழ் எடை மேல் எடையின் திசையிலேயே இரண்டு மடங்கு ஆடும். ல = 6 என்றால் இ = −அ/2, எதிர்த் திசையில் பாதி. தனியாக நிற்கும் சேர்மானங்கள் அ + 2இ, 2அ − இ. சந்தேகமிருந்தால் முதலாவதை இரண்டு முறை வகையிட்டுப் பாருங்கள்: −5அ + 2இ + 4அ − 4இ = −(அ + 2இ). சரியாக வருகிறது. எடைகள் சமமாக இல்லாதபோது மட்டும் ஒரு எச்சரிக்கை: மோட் விகிதத்தை அப்படியே சேர்மானமாக எடுக்க முடியாது, ஒவ்வொரு உறுப்பையும் அதன் நிறையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியையும் பலர் கேட்பார்கள், ஒரு மாறியை நீக்கிவிடுவது. முதல் அமைப்பில் இ = (அ″ + 10அ)/6 என்று எழுதி இரண்டாவதில் போட்டால் அ மட்டும் உள்ள நான்காம் வரிசைச் சமன்பாடு கிடைக்கும்: அ″″ + 20அ″ + 64அ = 0. இதிலும் அதே 4, 16தான் வெளியே வரும். தவறில்லை, ஆனால் மூன்று எடைக்கு ஆறாம் வரிசை, நான்குக்கு எட்டாம் வரிசை என்று வளரும்போது கையில் செய்ய முடியாது. இரண்டு மாறிக்கு மேல் போனால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொங்கும் அமைப்பை விட்டுவிட மனமில்லை, அதில் ஒரு அற்புதம் ஒளிந்திருக்கிறது. மேல் எடையை வெளியிலிருந்து ஒரு விசை தொடர்ந்து ஆட்டுகிறது என்று வையுங்கள், அதன் கோண அதிர்வெண் √2. நிலைத்த ஆட்டத்தில் எல்லாம் அந்த √2 அதிர்வெண்ணில்தான் ஆடும், ஆகவே ல = 2. இரண்டாவது சமன்பாடு −2இ = 2அ − 2இ என்று ஆகிறது. அதாவது அ = 0! நேராக விசை வாங்கும் எடை அசையாமல் நிற்கிறது. விசையே நேரடியாகப் படாத கீழ் எடை ஆடிக்கொண்டு, தன் ஸ்பிரிங் வழியாக அந்த விசையைச் சரியாக ரத்து செய்கிறது. கீழ் எடையும் அதன் ஸ்பிரிங்கும் தனியாக இருந்தால் எந்த அதிர்வெண்ணில் ஆடுமோ (2/1இன் வர்க்கமூலம்) அதே அதிர்வெண்ணில் ஆட்டியதால்தான் இது நடந்தது. அதிர்வை உறிஞ்சும் இப்படிப்பட்ட கருவிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃப்ராம் 1909இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தைவானில் 508 மீட்டர் உயரமுள்ள தைபே 101 கட்டடத்தில், 92ஆம் மாடியிலிருந்து 660 டன் எஃகுக் கோளம் ஒன்று தொங்குகிறது. காற்றில் கட்டடம் ஆடும்போது ஆட்டத்தைக் குறைப்பது அதன் வேலை. அங்கே ஆற்றலைக் கரைக்க எண்ணெய் டேம்பர்களும் (ஆட்டத்தை அடக்கும் உருளைகள்) உண்டு, அதனால் கணக்கில் வேகத்தைச் சார்ந்த உறுப்புகளும் சேரும், ஆனால் அடித்தளம் இந்த இரண்டு வரிகள்தான்.

மூலக்கூறுகளிலும் இதே கணக்கு ஓடுகிறது. கார்பன் டை ஆக்சைடை நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன், நடுவே இரண்டு ஸ்பிரிங் என்று பார்க்கலாம். ஆக்சிஜன்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே போய் உள்ளே வரும் மோட்டில் மின்னேற்றச் சமநிலை மாறாது, அதனால் அது அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதில்லை. கார்பன் ஒரு பக்கமும் ஆக்சிஜன்கள் மறுபக்கமும் போகும் மோட் சுமார் 4.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பலமாக உறிஞ்சும்.

கைக்கணக்கு எடுபடாத இடமும் உண்டு. ஊசலின் கீழே ஊசல் கட்டிப் பெரிதாக ஆட்டினால் சமன்பாடுகள் நேரியலாக இருக்காது, மோட் என்ற பேச்சே அடிபட்டுவிடும். அப்போது கணினிதான். இரண்டாம் வரிசைச் சமன்பாடு ஒவ்வொன்றையும் இடம், வேகம் என்று இரண்டு முதல் வரிசைச் சமன்பாடுகளாக உடைத்து, நான்கையும் சின்னச் சின்ன நேர அடிகளில் முன்னே நகர்த்த வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய இடத்தையும் பழைய வேகத்தையும் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கும் எளிய ஆய்லர் முறையை நம் முதல் அமைப்புக்கு 0.01 வினாடி அடியில் ஓட்டினால், கழித்தல் மோட்டின் வீச்சு ஒவ்வொரு அடியிலும் 1.0008 மடங்காகும். பார்க்க ஒன்றுமில்லை போலத் தெரியும், ஆனால் 10 வினாடியில் 1000 அடி, வீச்சு 2.2 மடங்கு ஆகிவிடும், ஆற்றல் எங்கிருந்தோ முளைத்த மாதிரி. தீர்வு ஒரே வரி மாற்றம்: முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புது வேகத்தை வைத்து இடத்தைப் புதுப்பியுங்கள். வீச்சு கட்டுக்குள் நிற்கும். துல்லியம் வேண்டுமென்றால் நான்காம் வரிசை ரூங்கே–குட்டா முறைக்குப் போகலாம், அந்தக் குடும்பத்து முறைகள் பைத்தான் கணினி மொழியின் சைபை நூலகத்தில் தயாராகவே இருக்கின்றன. எதை ஓட்டினாலும் முதலில் கை விடை தெரிந்த அமைப்பில் சோதித்துவிட்டு ஓட்டுங்கள், 1.57 வினாடியில் அ = 0, இ = −1 வருகிறதா என்று பார்த்தால் போதும்.

நீங்களே முயன்று பார்க்க ஒன்று தருகிறேன். சுவர்களுக்கு நடுவே 1 கிலோ எடைகள் மூன்று, 1 நியூட்டன்/மீட்டர் ஸ்பிரிங்குகள் நான்கு. ஒரு மோட்டைக் கணக்கில்லாமல் பிடித்துவிடலாம்: நடு எடை அசையாமல், ஓர எடைகள் எதிரெதிராக. அதன் ல = 2. மற்ற இரண்டில் ஓர எடைகள் ஒன்றாக ஆடும், ஆகவே அவற்றை ஒரே மாறியாக எழுதினால் மேலே செய்த அதே இருபடிச் சமன்பாடுதான் வரும். விடை 2 − √2, 2 + √2. சரிபார்க்க ஒரு வழி: எல்லா ல மதிப்புகளையும் கூட்டினால், ஒவ்வொரு எடையின் சொந்தக் கெழுக்களின் கூட்டுத்தொகை வர வேண்டும். முதல் அமைப்பில் 4 + 16 = 10 + 10, இரண்டாவதில் 1 + 6 = 5 + 2, இதில் மூன்றும் சேர்ந்து 6.